சுட்டிக்குப் போட்ட சோறு

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எங்கிட்டு உக்காந்தாலும் ஒண்ணுதான். அடுப்பு முன்னால வெந்த உடம்பு, வெயிலு என்னத்தச் செய்யும்? உசிலம்பட்டிக்கா? நான் அதுக்கு முன்னாடியே, ஊருக்குப் பிரியுற விலக்குல இறங்கிருவேன். மச்சினன் ஊரு. என் வீட்டுக்காரி ஒச்சம்மா அங்கதான் இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு எங்க ஊர்ல பேசிக்கிறாக. கோவமெல்லாம் இல்ல தம்பி. கோவம்னா ரெண்டு வசவாச்சும் வையணும்ல? அவ ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தா நானும் பதிலுக்கு வஞ்சுட்டு, சாயந்தரம் காப்பி போட்டுக் குடுத்துச் சமாதானம் பண்ணியிருப்பேன்.

எல்லாம் ஒரு மாட்டால வந்தது. சிரிக்காதீக. மாட்டாலதான்.

என்னை உங்களுக்குத் தெரியாது போல. சமையல்கார வீரணன்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவா இருந்தாலும் முகூர்த்தம் குறிக்கிறதுக்கு முன்னால என்கிட்ட வந்து தேதி கேட்டுட்டுப் போற ஆளுக இருக்காக. என் பந்தியில சோறு பத்தலைங்கிற பேச்சு வந்ததே இல்ல. எப்பவும் மிஞ்சும். மிஞ்சுறாப்புலதான் உலை வைப்பேன். கடைசிப் பந்தியில உக்கார்றவனும், முதப் பந்தியில உக்கார்றவன் மாதிரி வயிறாரத் திங்கணும். அது என் கொள்கை. வீட்டுக்காரக பல்லக் கடிப்பாக, ஏன் மாஸ்டர் இம்புட்டு மிஞ்சிருச்சுன்னு. கடிச்சுக்கிட்டுப் போகட்டும். பத்தாமப் போனா அசிங்கப்படுறது அவுகளா, நானா?

மிஞ்சுற சோத்தை என்ன செய்யிறது? மண்டபத்துக்காரன் குழியில கொட்டச் சொல்லுவான். எனக்கு மனசு வராது. நான் வடிச்ச சோத்தை நானே குழியில தள்ளுறதா? கேக்குறவுகளுக்குக் குடுப்பேன். அப்புறமும் கிடந்தா வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். வீட்டுல யாரு இருக்கா திங்க? நானும் அவளும். பிள்ளை குட்டி இல்ல எங்களுக்கு. அதை அவளும் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். பேசி என்ன ஆகப்போகுது?

அந்த இடத்துலதான் சுட்டி வந்தது. பசு மாடு. நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு, அதனால சுட்டி. தாய் மாடு செத்துப்போன கன்னுக்குட்டி தம்பி அது. ஒச்சம்மாதான் புட்டியில பாலை ஊத்திக் குடிக்கவச்சு வளத்தா. வளந்து ஈத்து ஈனி, கறவையும் ஆச்சு. அப்பவும் அவளைக் கண்டா கன்னுக்குட்டி மாதிரிதான். அவ வேலைக்குப் போயிட்டுத் தெருமுக்குல வரும்போதே இது கத்தும். வீட்டுல இருக்கிற எனக்கு அவ வர்றது தெரியாது, சுட்டிக்குத் தெரியும். நான் சமையலுக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தா, தலையைத் தூக்கி ஒரு பார்வை பாக்கும். யாரோ கரண்ட் பில்லு எடுக்க வந்தவனைப் பாக்குற மாதிரி. அம்புட்டுத்தான் எனக்கு மரியாதை.

ஒச்சம்மா அதுக்கு என்ன போடுவா? வைக்கோலு, சோளத்தட்டை, புல்லு. கறக்குற காலத்துல கொஞ்சம் புண்ணாக்கு. கழனித்தண்ணியில ஒரு கை சோறு விழுந்தா உண்டு. அதுக்கு மேல விட மாட்டா. நான் மிஞ்சின சோத்தைக் கொண்டாந்து, சுட்டிக்குப் போடுன்னு சொன்னா, ஒரு கை அள்ளிப் போட்டுட்டு மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துருவா. ஏன்டின்னா, மாட்டு வயிறு வேறங்குவா. எனக்குச் சிரிப்பா வரும். நாலு ஊருக்கு ஆக்கிப் போடுறவன் நானு. வயித்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குறா. எந்நேரமும் வைக்கோலைத் தின்னா நாக்கு செத்துப் போகாதா? அதுவும் ஒரு உசுருதானே?

போன மாசி மாசம், நல்ல முகூர்த்தம். பெரிய கல்யாணம். உலை மேல உலை வச்சு வடிச்சேன். சக்கரைப் பொங்கல் மட்டும் ஒரு பெரிய உருளி. முந்திரி நெய்யில மெதக்குது. தாலி கட்டி முடிஞ்சு முதப் பந்தி உக்காருற நேரம், ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் இடையில என்னவோ மனத்தாங்கல். மாலை போடுறதுல யாரை முதல்ல கூப்பிடலையோ, எவன் கண்டான்! மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் அம்புட்டும் கை நனைக்காமக் கெளம்பிருச்சு. நான் கரண்டியோட வாசலுக்கு ஓடுறேன். அய்யா, சண்டை உங்களுக்குள்ள, சோறு என்ன பண்ணுச்சு, ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிடுறேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல. வேன் ஏறிப் போயிட்டாக.

நீங்க படிச்சவுக, உங்களுக்கு இது சின்ன விசயமா இருக்கும். எனக்கு இலையில யாரோ துப்பிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அந்தச் சோத்தைப் பாக்கவே முடியல. குட்டியானை வண்டியில அண்டாவோட ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஒச்சம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தா. வீட்டுல ஆளில்ல. தொழுவத்துல சுட்டி மட்டும் நிக்குது.

தொட்டியில சோத்தைக் கொட்டினேன். அது மேல சக்கரைப் பொங்கலைப் போட்டேன். மோந்து பாத்துச்சு. ஒரு வாய் எடுத்துச்சு. அப்புறம் பாருங்க தம்பி, என்னா தீனி! தலையைத் தூக்கவே இல்ல. நாக்கைச் சுழட்டிச் சுழட்டித் திங்குது. நான் போடப் போடத் திங்குது. அன்னைக்கு என் சோத்தை மதிச்சுத் தின்ன ஒரே உசுரு அதுதான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கழுத்தைத் தடவிக் குடுத்தேன், தள்ளிவிடல. என்னைப் பாத்து முத முதலா வாலை ஆட்டுச்சு. தின்னுடி ஆத்தா, வயிறாரத் தின்னுன்னு அள்ளி அள்ளிப் போட்டேன்.

ஒச்சம்மா வந்து அண்டாவைப் பாத்தா. எம்புட்டுப் போட்டன்னு கேட்டா. அது போதும்னு தலையைத் தூக்குற மட்டும் போட்டேன்னேன். அவ நேராப் போயி மாட்டு வயித்தைத் தொட்டுப் பாத்தா. தொட்டியைக் கழுவினா. அன்னைக்கு ராத்திரி அவ சோறு திங்கல. எனக்கு அலுப்பு, படுத்துட்டேன்.

விடிஞ்சு பாக்குறேன், சுட்டி அசை போடல. மாடு அசை போடலைன்னா என்னமோ சரியில்லைன்னு அர்த்தம், அது எனக்கும் தெரியும். வைக்கோலை நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிருச்சு. பல்லை நறநறன்னு கடிக்குது. இடது பக்கம் வயிறு உப்பிப் போயி, கையால தள்ளினா உள்ள தண்ணி தளும்புது. கழிச்சல் வேற. அந்த வாடை இருக்கே தம்பி, சாணி வாடை இல்ல. மாவு வாடை. சித்திரை வெயில்ல இட்லி மாவை மறந்து வச்சுட்டா, பொங்கி வழிஞ்சு, மூடியைத் தொறந்ததும் மூக்குல ஏறுமே, அந்தப் புளிச்ச வாடை.

ஒச்சம்மா மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா. அவுக எங்கயோ மேற்க, மலையடிவாரத்துல கோமாரி ஊசி போட்டுக்கிட்டு இருந்தாக. வந்து சேர மத்தியானம் ஆகிரும், அதுக்குள்ள ஆப்பச் சோடா இருந்தா தண்ணியில நல்லாக் கரைச்சு ஊத்துங்க, சோறு கஞ்சி எதையும் கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னாகளாம். எவ்வளவு சோடா, எவ்வளவு தண்ணின்னு கூடச் சொல்லிக் குடுத்தாக. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சோடா எங்க வீட்டுக்கா பஞ்சம்? என் சமையல் பெட்டியில பொட்டலம் பொட்டலமாக் கிடக்கு. இவ ஓடிப்போயி எடுத்துக்கிட்டு வந்து வாளியில கொட்டப் போனா. நான் கையைப் புடிச்சுட்டேன்.

நீங்களே சொல்லுங்க தம்பி. பஜ்ஜி மாவுல சோடா எதுக்குப் போடுறோம்? உப்பி வர்றதுக்கு. போண்டாவுல எதுக்குப் போடுறோம்? உப்பி வர்றதுக்கு. இங்க மாடு ஏற்கெனவே உப்பிப் போயி நிக்குது. அது வயித்துல கொண்டு போயிச் சோடாவைக் கொட்டினா என்ன ஆகும்? வெடிச்சுப் போகாதா? டாக்டரம்மா நேர்ல பாத்தாகளா? போன்ல சொன்னாக. போன்ல சொல்றதை நம்பி ஒரு உசுரைக் கொல்றதா?

ஒச்சம்மா அப்பத்தான் கொஞ்சம் சத்தமாப் பேசினா. மாவு புளிச்சுப் போனா நீ என்னத்தப் போட்டுச் சரிக்கட்டுற, இதைத்தானே ஒரு சிட்டிகை போடுறன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. போடுறதுதான். புளிப்பை அடக்குறதுக்குப் போடுறதுதான். அதுக்காக? மாவும் மாடும் ஒண்ணாடின்னு ஒரு அதட்டு அதட்டினேன். பொட்டலத்தைப் புடுங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். அவ கையில சோடா ஒட்டிக்கிட்டு வெள்ளையா இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே நின்னா.

நான் சும்மாவும் இருக்கல. எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைச் செஞ்சேன். பந்தியில ஒருத்தன் மூச்சு முட்டத் தின்னுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு வந்தா என்ன குடுப்பேன்? மோரு. இஞ்சி தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. அடுத்த பந்திக்கு உக்கார்ற அளவுக்குச் சரியாகிரும். வீட்டுல நல்லாப் புளிச்ச மோரு ஒரு பானை இருந்துச்சு. பழத்தைப் பிழிஞ்சு விட்டு, மூங்கில் குழாயால நானே சுட்டி வாயில ஊத்தினேன். தலையைத் தலையை ஆட்டுச்சு. முழுங்கினது பாதி, சிந்தினது பாதி. ஒச்சம்மா வந்து வாயைப் புடிக்கல. தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு ஆளு ஒத்தாசை செய்யாம நானே கட்டிப் புடிச்சு ஊத்தினேன்.

ஊத்தின கொஞ்ச நேரத்துல நிக்க முடியல. கால் பின்னுது. கள்ளுக் குடிச்சவன் மாதிரி நாலு எட்டு வச்சு, அப்பிடியே படுத்துருச்சு. தலையை மடக்கி விலாவுல வச்சுக்கிருச்சு. கண்ணு உள்ள போயிருச்சு. தெம்பில்லாமப் படுத்துருச்சேன்னு எனக்கு மனசு அடிச்சுக்கிருச்சு. கஞ்சி வச்சுக் குடுக்கலாம்னு அடுப்பைப் பத்தவைக்கப் போனேன். ஒச்சம்மா வந்து எரியுற விறகை வெளிய இழுத்துத் தண்ணி ஊத்திட்டுப் போயிட்டா. பசியோட கெடக்குற உசுருக்குக் கஞ்சி வைக்க விடல பாத்தீகளா?

டாக்டரம்மா மத்தியானம் வந்தாக. சின்ன வயசு. வந்ததும் வயித்துல காதை வச்சுக் கேட்டாக. அப்புறம் வாய் வழியா நீளமா ஒரு குழாயை உள்ள விட்டு, வயித்துத் தண்ணியை வெளிய எடுத்தாக. ஒரு சின்னக் காயிதத்தை அதுல முக்கினாக. பச்சையா வரணுமாம். எங்க கண்ணு முன்னாலயே அது கேசரி நிறத்துக்கு மாறிருச்சு. அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு.

என்னத்தம்மா தின்னுச்சுன்னு கேட்டாக. நான் சொன்னேன். எதை மறைக்கணும்? நல்ல பொன்னி அரிசி, நெய்ப் பொங்கல், மனுசன் திங்கிற சாப்பாடுன்னேன். அந்தம்மா சொல்றாக, மாட்டு வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்காம். மாடு வைக்கோலைத் தின்னா, அதுகதான் அதைச் செரிக்க வைக்குதாம். அதுகளுக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது, ஒரு நிதானத்துலதான் உயிரோட இருக்குமாம். திடீர்னு இம்புட்டுச் சோறு போனதும், புளிக்க வைக்கிற கூட்டம் மட்டும் பெருகி, வயிறு பூரா ஒரே புளிப்பாகி, மத்ததெல்லாம் செத்துப் போச்சாம். அந்தப் புளிப்பு ரத்தத்துலயும் ஏறிருச்சாம். தின்னது சோறா இருந்தாலும் அதுக்கு விசம்தான்னாக.

என்ன பேச்சு தம்பி இது? சோறை விசம்னு சொல்லலாமா? நான் ஆக்கின சோறை!

அப்புறம் கேட்டாக, சோடா குடுத்தீங்களான்னு. ஒச்சம்மா என் முகத்தைப் பாத்தா. நான், மோரு குடுத்தோம்மா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சுன்னு சொன்னேன். டாக்டரம்மா குழாயைக் கையில வச்சுக்கிட்டு வாளியைப் பக்கத்துல இழுத்தாக. அவுகளே சோடா கரைச்சுக் குழாய் வழியா விட்டாக. கழுத்து நரம்புல பாட்டில் ஏத்தினாக. ஒச்சம்மா சுட்டி தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. நான் எங்க நிக்கிறதுன்னு தெரியாம நின்னேன். தண்ணி மோந்து வரட்டான்னேன், வேணாம்னுட்டாக. பாட்டிலைப் புடிச்சுக்கிறட்டான்னேன், கட்டித் தொங்கவிட்டாச்சுன்னாக. நாலு ஊருக்கு ஆக்கிப் போட்ட கை தம்பி, அன்னைக்கு எதுக்கும் உதவாம ரெண்டு பக்கமும் தொங்குது. பொழுது சாயுற நேரம் சுட்டி ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அம்புட்டுத்தான்.

ஊர் சனம் கூடிருச்சு. குழி வெட்ட ஆளு வந்தாக. எனக்கு வேற என்ன தெரியும்? வந்தவுக பசியோட இருப்பாகளேன்னு அடுப்பைப் பத்தவச்சு, ஒரு ரசம் வச்சு, சோறு வடிச்சேன். ஒருத்தரும் திங்கல. மண்டபத்துல திங்காமப் போன மாதிரியே போயிட்டாக.

நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தம்மா காலையிலயே வந்திருந்தா மாடு பொழச்சிருக்கும். கல்யாணத்துல அவனுக ஒழுங்காத் தின்னுட்டுப் போயிருந்தா சோறு மிஞ்சியிருக்காது. இவ அன்னைக்கு வேலைக்குப் போகாம வீட்டுல இருந்திருந்தா, போதும் நிறுத்துன்னு சொல்லியிருப்பா, நானும் நிறுத்தியிருப்பேன். ஆக எம்புட்டுப் பேரு மேல தப்பு இருக்கு பாருங்க. நான் யாரையும் ஒரு வார்த்தை குத்தம் சொல்லல.

அதுக்கப்புறம் ஒச்சம்மா தனக்குன்னு தனியா ஒரு அடுப்புல ஆக்கித் தின்னா. எனக்கும் ஆக்கி வைப்பா, அது வேற. நான் ஆக்கினதை மட்டும் தொட மாட்டா. நெய்ச்சோறு ஆக்கி வச்சேன், அவளுக்கு உசுரு அது. மூடியைக் கூடத் தொறக்கல. மறுநாள் நானே எடுத்துக் கொட்டினேன். ஊரே தேடி வந்து திங்கிற கை, கட்டினவ திங்க மாட்டேங்குறா. அதை நான் யாருக்கிட்டப் போயிச் சொல்றது?

போன மாசம் ஒரு வளைகாப்புக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்தேன். எனக்கு எப்பவுமே நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அன்னைக்கு நெஞ்சுக்குழியில ஒரே எரிச்சல். புளிச்ச புளிச்ச ஏப்பம், தொண்டை வரைக்கும் வந்து சுடுது. வயிறு கல்லு மாதிரி உப்பிப் போச்சு. சுருண்டு படுத்துட்டேன். ஒச்சம்மா பாத்துக்கிட்டே இருந்தா. எந்திரிச்சுப் போயி என் சமையல் பெட்டியைத் தொறந்தா. ஒரு தம்ளர் தண்ணியில சோடாவைக் கொஞ்சம் போட்டுக் கலக்கிக் கொண்டாந்து நீட்டினா. ரொம்ப நாளைக்கப்புறம் அவ கையால, என் பக்கத்துல உக்காந்து, எனக்குன்னு ஒண்ணு குடுக்குறா. எனக்கு எரிச்சலே பாதி அடங்கிப் போச்சு. வாங்கிக் குடிச்சேன். குடிச்சதுதான் தாமசம், பெருசா ஒரு ஏப்பம். உப்பின வயிறு அப்பிடியே இறங்கிருச்சு.

கேட்டுச்சான்னா.

கேட்டுருச்சுடி, குடிச்ச உடனே கேட்டுருச்சு, உப்பிக்கிட்டு இருந்தது இருந்த இடம் தெரியலைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

குடிச்ச உடனேயான்னு மறுபடியும் கேட்டா.

ஆமாடி, உடனேன்னேன். அவ தம்ளரை என் கையில இருந்து வாங்கினா. அடியில கொஞ்சம் கலங்கலா மிச்சம் இருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எந்திரிச்சுத் தொழுவத்துக்குப் போயி, வெறுந்தரையில உக்காந்து அழுதா பாருங்க, மாடு செத்த அன்னைக்குக் கூட அப்பிடி அழுகல. மறுநாள் காலையில சீலை ரெண்டை மடிச்சு எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா.

வயிறு சரியாயிருச்சுன்னுதானே தம்பி சொன்னேன்? அதுக்கு அழுகுறவ உண்டா?

அன்னையில இருந்து எனக்கு ஒண்ணும் ஓடல. வேலைக்குப் போனா உப்பு போட்டமா போடலையான்னு தெரிய மாட்டேங்குது. ஒரு வீட்டுல சோறு பத்தாமப் போயிருச்சு, நான் ஆக்கி! வீடு முழுக்கச் சத்தமே இல்ல. தெருமுக்குல யாரு வந்தாலும் கத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. தூக்குவாளியில எதையாச்சும் ஆக்கிக் கொண்டு போயிக் குடுத்துப் பாத்தேன். மச்சினன் பொண்டாட்டிதான் வாங்கினா. இவ உள்ள இருந்து வெளிய வரவே இல்ல. அதான் இன்னைக்கு ஒண்ணுமே கொண்டு வரல. வெறுங்கையோட வந்துருக்கேன்.

கால்ல விழுந்தாலும் பரவாயில்ல, மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கிட்டு வந்துரணும்னுதான் பஸ் ஏறினேன். ஏறுறப்ப தைரியமாத்தான் ஏறினேன். இப்ப அந்தப் புளியமரத்தைத் தாண்டினதுல இருந்து, இப்பிடியே திரும்பிப் போயிரலாமான்னு இருக்கு. என்னை மன்னிச்சுருடின்னு சொல்லிருவேன் தம்பி. சொல்ல முடியும். எதுக்குன்னு அவ திருப்பிக் கேட்டா?

விலக்கு வந்துருச்சு. இந்தா இறங்குறேம்ப்பா கண்டக்டரு, விசில் அடிக்காத. தம்பி, சட்டுன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?